பள்ளியில் பறை சொல்லிக்கொடுத்தபோது: சிலரின் அனுபவங்கள்

அரசுப் பள்ளித் தமிழாசிரியை, திண்டுக்கல் மாவட்டம்:

2022-ல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியபோது, கும்மியும் கரகமும் எல்லாரும் செய்வார்கள், நாம் பறை எடுப்போம் என்றேன். ஆசிரியர் அறையில் யாரும் மறுக்கவில்லை, யாரும் சரி என்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு மாணவியின் அப்பா வந்தார். "கோச்சுக்காதீங்க டீச்சர். பரதம் சொல்லிக்குடுங்க, அனுப்புறேன். இது இழவு வீட்டுல அடிக்கிறது." தொல்காப்பியம் திணைகளின் கருப்பொருள்களில் பறையையும் சொல்கிறதே என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் புஸ்தகத்துல சரி" என்று கிளம்பிவிட்டார்.

இந்த எதிர்ப்பை எதிர்பார்த்திருந்தேன். பறையடித்த குடும்பத்துப் பையனின் அப்பா வந்து நின்றதைத்தான் எதிர்பார்க்கவில்லை. "இனி அடிக்க மாட்டோம்னு சொன்னதுக்கு எங்க அப்பாவை ஊரே ஒதுக்கி வெச்சுது. விட்டுத் தொலைச்சதை என் மகன் கையில நீங்க திரும்பக் குடுக்குறீங்களா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. பயிற்சிக்கு வந்த ஆசான்தான் அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். என்ன பேசினாரோ, பையன் வந்தான். ஒரே ஒரு நிபந்தனையோடு: "காய்ச்சுறதுக்கு எம்பயலை மட்டும் கூப்பிடாதீங்க."

அதன் அர்த்தம் எனக்கு அடுத்த வாரம்தான் புரிந்தது. பறையின் தோல் ஈரம் வாங்கினால் தொய்ந்துவிடும். அடிப்பதற்கு முன்னால் தீ மூட்டி, தோலைத் தீக்கு நேரே காட்டித் திருப்பித் திருப்பிச் சூடேற்ற வேண்டும். நடுவே விரலால் தட்டிப் பார்த்தால் 'டொப்' என்று இருந்த சத்தம் மெல்ல ஏறி 'ணங்' என்று வரும். அங்கே நிறுத்தவேண்டும், விட்டால் தோல் கருகிவிடும். முதல் நாள் இந்த வேலை முழுக்கக் காலனிப் பிள்ளைகள் தலையில் விழுந்தது. யாரும் அவர்களை ஏவவில்லை. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று, காய்ச்சி முடித்ததும் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?

ஆசான் குச்சிகளையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். "அவனவன் பறையை அவனவன் காய்ச்சணும். காய்ச்சத் தெரியாதவனுக்குக் குச்சி கிடையாது." இரண்டு பேர் அன்றோடு நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பையன், பெரிய தெருப் பிள்ளை ஒருத்தியைப் பார்த்து, "ஏ, கிட்டக் காட்டாத, கருகிரும்" என்று அதட்டினான். அவளும் சட்டென்று பின்னால் இழுத்தாள்.

நிகழ்ச்சிக்குக் குழந்தைத் திருமணம், குடி என்று விழிப்புணர்வுப் பாட்டுகளும் போட்டோம். அவற்றை ஒப்பிப்பதுபோலப் பாடினார்கள், பரிசும் வந்தது. எனக்குக் கணக்கில் வருவது அந்தத் தீயைச் சுற்றி நடந்ததுதான்.

பறையடித்த குடும்பத்தில் பிறந்தவன், இப்போது சென்னையில்:

நான் டீச்சரிடம் வந்து நின்ற அந்தப் பையனுடைய அப்பாவின் பக்கம். எங்கள் தாத்தாவுக்குக் கூலி நெல்லாகத்தான் வரும், அதுவும் கொல்லைப்புறமாக. பறையை மேடையேற்றிக் கொண்டாடுகிறவர்கள், அதை அடிக்கமாட்டோம் என்று நின்ற தலைமுறையையும் சேர்த்துப் பேச வேண்டும். ஆனாலும் 2025-ல் பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, அதுவும் உண்மை. என் மகள் இங்கே ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிறாள். கூடக் கற்பவர்கள் பாதிப்பேர் ஐடி கம்பெனிக்காரர்கள். ஊரிலிருந்து வந்த அம்மா ஒருநாள் கூடப் போய்ப் பார்த்துவிட்டு, "காசு குடுத்தா கத்துக்கிறாங்க?" என்று மூன்று பேரிடம் விசாரித்திருக்கிறார்.

பறைப் பயிற்றுநர், பெண்:

திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தொண்ணூறுகளிலேயே தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்துவிட்டது. இன்றும் பள்ளிக்குள் நான் நுழைந்தால், "ஆசான் எப்பம்மா வருவாரு?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடியரசு தினத்துக்கு நாலு நாள் முன்னால் போன் பண்ணாதீர்கள். பறையைத் தொடுவதற்கு முன் பிள்ளைகள் தொடையில் தட்டி, 'ஜெகு ஜெகு ஜென்' என்று வாயால் சொல்லிப் பழக வேண்டும். அதற்கப்புறம் கால் அடவு. கையும் காலும் ஒன்று சேரவே சில வாரம் பிடிக்கும். இடதுகையில் பிடிக்கும் மெல்லிய நீளக் குச்சியான சிண்டுக்குச்சி படிய இன்னும் கொஞ்ச நாள். ஜூனிலேயே கூப்பிடுங்கள், கூலியையும் முதலிலேயே பேசிவிடுங்கள். கலைச் சேவை என்று சால்வை போர்த்தி அனுப்பினால் எனக்குப் பஸ் காசு யார் தருவது?

ஐப்பசி மழையில் தோல்பறை படுத்தும், ஃபைபர் பறை வாங்கலாமா என்று பல பள்ளிகளில் கேட்கிறார்கள். வாங்கலாம், சத்தம் பரவாயில்லை. ஆனால் அதைக் காய்ச்ச வேண்டியதில்லை. டீச்சர் எழுதிய அந்தச் சண்டை உங்கள் பள்ளியில் வராமலே போய்விடும், யோசித்து வாங்குங்கள்.