ராஸ்பெரி பை 4: பதிவு செய்த படம் ஓடுகிறது, நேரலை மட்டும் திக்குகிறது. உதவி தேவை

பொன்வண்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. டிவிக்குப் பின்னால் ஒரு ராஸ்பெரி பை 4 (உள்ளங்கை அளவு கணினிப் பலகை, 2 ஜிபி) மாட்டியிருக்கிறேன். அதற்கு வேலை இரண்டுதான்: நேரலைச் செய்தி ஓட வேண்டும், வாசல் கேமரா தெரிய வேண்டும். ராஸ்பெரி பை ஓஎஸ் 64 பிட், டெஸ்க்டாப்புடன்.

பென்டிரைவில் இருக்கும் 1080 படம் எந்த உறுத்தலும் இல்லாமல் ஓடுகிறது. நேரலையை அதே 1080-இல் குரோமியம் பிரவுசரில் திறந்தால் முதல் நிமிடமே திக்க ஆரம்பித்துவிடுகிறது. குரல் தெளிவாக வருகிறது, படம் மட்டும் தட்டித் தட்டி நகர்ந்து, உறைந்து, சில நொடிகள் தாவி வந்து குரலோடு சேர்கிறது. எம்பிவி பிளேயரில் போட்டாலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

கேமரா வேறு மாதிரி படுத்துகிறது. படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறத்தில் இழுபடுகிறது. யாராவது நடந்து போனால் அவர் உருவம் வழித்தடம் முழுக்க அப்பிக்கொண்டு நிற்கிறது.

அதே வைஃபையில் போனில் நேரலை அருமையாக ஓடுவதால் நெட் மேல் பழி போடவும் முடியவில்லை. இந்தப் பலகைக்கு இவ்வளவுதான் தெம்பா?

---

ஒலிபெருக்கி:

கேஷ் (முன்கூட்டி இறக்கி வைக்கும் சேமிப்பு) அளவை ஏற்றுங்கள். எம்பிவி-யில் 200 எம்பி வரை கொடுத்துப் பாருங்கள். எனக்குச் சரியானது.

---

தாமிரக்கம்பி:

கேஷ் பக்கம் போவதற்கு முன் சில விவரங்கள் வேண்டும், பொன்வண்டு.

குரோமியத்தில் நேரலை ஓடும்போது வீடியோ மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறங்கள் (யூடியூப் என்றால்). கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) வரியில் விபி09 (அதாவது விபி9) என்று ஆரம்பிக்கிறதா, ஏவிசி1 (அதாவது எச்.264) என்றா? எம்பிவி-யில் ஷிஃப்டோடு ஐ எழுத்தை அழுத்தினால் புள்ளிவிவரம் திரையிலேயே நிற்கும். அதில் கோடெக் பெயருக்குப் பக்கத்தில் எச்டபிள்யூ (வன்பொருள்) என்று ஏதாவது இருக்கிறதா? அந்த நேரம் எச்டாப்பில் (சுமை காட்டும் கருவி) பிராசசரின் நான்கு கோர்களும் எவ்வளவில் நிற்கின்றன?

அப்புறம், எந்த சார்ஜர்? டெர்மினலில் விசிஜென்சிஎம்டி கட்டளையோடு ‘கெட் த்ராட்டில்டு’ கேட்டு வரும் எண்ணையும் போடுங்கள். டிவி 4கே-வா என்பதையும் சொல்லுங்கள்.

---

பொன்வண்டு:

பார்த்துவிட்டேன்.

குரோமியத்தில் விபி09. ‘டிராப்டு ஃப்ரேம்ஸ்’ எண் நான் பார்க்கப் பார்க்கவே ஏறுகிறது. எம்பிவி-யிலும் விபி9 என்றுதான் இருக்கிறது, பக்கத்தில் எச்டபிள்யூ எதுவும் இல்லை. நான்கு கோர்களும் நூறை ஒட்டி. பென்டிரைவ் படத்தைப் போட்டுப் பார்த்தேன், அது எச்.264.

சார்ஜர் பழைய போனுடையது. த்ராட்டில்டு எண் 50000. டிவி 4கே.

---

தாமிரக்கம்பி:

பாதி விடை இதிலேயே இருக்கிறது.

பை 4-இல் வீடியோவைப் பிரிப்பதற்கென்றே இருக்கும் வன்பொருள் டிகோடருக்குத் தெரிந்தவை எச்.264 (1080, நொடிக்கு 60 ஃப்ரேம் வரை), எச்.265 (4கே 60 வரை). விபி9 தெரியாது, ஏவி1-உம் தெரியாது. இந்த இரண்டில் ஒன்று வந்தால் முழுச் சுமையும் நான்கு கோர்கள் தலையில்தான். குரலுக்கு அதிகச் சக்தி தேவையில்லை, அதனால் அது தப்பித்துக்கொள்கிறது. பிளேயர் குரலோடு ஒட்டி ஓட வேண்டும் என்பதால் பின்தங்கிய ஃப்ரேம்களைத் தூக்கி எறிகிறது. நீங்கள் பார்க்கும் தட்டலும் தாவலும் அதுதான்.

பிரவுசர் தானாக விபி9-ஐக் கேட்டு வாங்குகிறது. எச்264இஃபை என்று ஒரு எக்ஸ்டென்ஷன் உண்டு, அதைப் போட்டால் யூடியூபிடம் எச்.264 மட்டும் கேட்கும். ஆனால் வேலை நேரலை மட்டும் என்றால் பிரவுசரையே விட்டுவிடுங்கள். வன்பொருள் டிகோடரை எடுத்துக்கொள்ள, எம்பிவி-யின் அமைப்புக் கோப்பில் ‘எச்டபிள்யூடெக்’ என்பதற்கு ‘வி4எல்2எம்2எம்-காப்பி’ கொடுங்கள். ‘ஒய்டிடிஎல்-ஃபார்மட்’ என்பதில் ஏவிசி1, உயரம் 720-க்கு மேல் வேண்டாம் என்று எழுதுங்கள். பக்கத்திலிருந்து வீடியோவை எடுத்துக் கொடுக்கும் ஒய்டி-டிஎல்பி, ஓஎஸ் களஞ்சியத்திலிருந்து வந்ததாக இருந்தால் அது பழையதாகியிருக்கும், அதன் புதிய பதிப்பைத் தனியாக நிறுவிக்கொள்ளுங்கள். பழைய வழிகாட்டிகள் ஓஎம்எக்ஸ்பிளேயர் போடச் சொல்லும். அது கைவிடப்பட்டுவிட்டது, தேட வேண்டாம்.

50000 என்றால் இப்போது மின்னழுத்தம் சரி, ஆனால் ஆன் செய்ததற்குப் பிறகு ஒருமுறையாவது 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, பலகை வேகத்தைக் குறைத்துக்கொண்டது என்று பொருள். கடைசி இலக்கமும் 5 ஆகி 50005 வந்தால் இந்த நொடியிலும் அது நடக்கிறது. போன் சார்ஜர் ஆம்பியர் கொடுத்தாலும் மெல்லிய கேபிளில் அழுத்தம் விழும். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்கிவிடுங்கள். இதை முதலில் சரிசெய்யாமல் மற்றதைச் சோதித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வரும்.

ஒலிபெருக்கி, உங்களுக்கு நெட் விட்டுவிட்டு வந்திருக்கும், அதனால் கேஷ் உதவியிருக்கும். இங்கே கோர் நூறில் நிற்கிறது. டேட்டா ஏற்கெனவே வந்து காத்துக்கிடக்கிறது, அதைப் பிரிக்கத்தான் நேரமில்லை. தவிர, நேரலையில் கேஷுக்கு ஓர் எல்லை உண்டு. எச்எல்எஸ் (நேரலை அனுப்பும் ஒரு முறை) ஓடையில் படம் சிறு துண்டுகளாக வரும், ஒரு துண்டு 6 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியிலிருந்து மூன்று துண்டு பின்னால் நின்றுதான் பிளேயர் ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி. ஆக, முன்கூட்டிச் சேமிக்கக் கிடைப்பதே 18 நொடி. 200 எம்பி கொடுத்தாலும் இன்னும் நடக்காததை எங்கிருந்து இறக்கும்?

---

ஒலிபெருக்கி:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போனில் மட்டும் ஏன் ஓடுகிறது? அதே வைஃபைதானே?

---

தாமிரக்கம்பி:

நல்ல கேள்வி. பெரும்பாலான போன்களில் விபி9 டிகோடர் வன்பொருளிலேயே இருக்கிறது, அது ஒன்று. இன்னொன்று, நெட் வேகம் குறைந்தால் போனில் இருக்கும் ஆப் சத்தமில்லாமல் 480-க்கு இறங்கிவிடும். ஆறு அங்குலத் திரையில் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. எம்பிவி அப்படி இறங்காது. எச்எல்எஸ் பட்டியலில் பல தரங்கள் இருந்தால் இயல்பாக மிகப் பெரியதைப் பிடித்து, கடைசிவரை அதையே கட்டிக்கொண்டு அழும். நீங்கள்தான் முன்கூட்டியே சின்னதைச் சொல்ல வேண்டும். அதனால்தான் 720 சொன்னேன்.

---

நிழற்குடை:

கேமராவைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது வேறு நோய்.

சாம்பல் இழுப்பு, அப்பிய தடம் இரண்டும் பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் டேட்டாத் துண்டு) தொலைவதன் அடையாளம். கேமரா ஆர்டிஎஸ்பி-யில் (கேமரா ஓடைக்கான நெட்வொர்க் முறை) தருகிறது என்றால் படம் பெரும்பாலும் யுடிபி வழியாக வரும். அதில் தொலைந்தது தொலைந்ததுதான், யாரும் திருப்பி அனுப்புவதில்லை. ஒவ்வொரு ஃப்ரேமும் முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்வதால், ஒரு துண்டு போனால் அடுத்த முழு ஃப்ரேம் வரும்வரை பிசிறு அப்படியே நிற்கும். பிளேயரில் ஆர்டிஎஸ்பி-யை, தொலைந்ததைத் திருப்பி அனுப்பும் டிசிபி-க்கு மாற்றுங்கள். விஎல்சி-யில் அந்தத் தேர்வு அமைப்புகளிலேயே இருக்கிறது. தாமதம் கொஞ்சம் கூடும், பிசிறு போய்விடும்.

கேமராவின் பக்கத்தில் நுழைந்து இரண்டாவது ஓடையை, அதாவது சப்ஸ்ட்ரீமை, எச்.264-க்கு வைத்து அதையே பாருங்கள். முதன்மை ஓடை பெரும்பாலும் எச்.265. பை 4-க்கு அது தெரியும்தான், ஆனால் எல்லாப் பிளேயரும் அந்த டிகோடரை எடுத்துப் பயன்படுத்துவதில்லை. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸோடு வரும் விஎல்சி அதற்கென்று திருத்தப்பட்டது, எச்.265-தான் வேண்டும் என்றால் அதில் முயலலாம்.

முடிந்தால் லேன் கேபிள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. நீல யுஎஸ்பி 3 துளையில் ஹார்டு டிஸ்க் ஏதாவது செருகியிருந்தால், அதன் இரைச்சல் 2.4 வைஃபையைக் கெடுக்கும்.

---

பொன்வண்டு:

அடாப்டர் மாற்றியாயிற்று, த்ராட்டில்டு இப்போது 0. கேமரா டிசிபி-யில் சப்ஸ்ட்ரீம்: தெளிவாக இருக்கிறது, நிழற்குடைக்கு நன்றி.

நேரலையில் எச்.264 வருகிறது, பக்கத்தில் எச்டபிள்யூ வி4எல்2எம்2எம்-காப்பி என்றும் காட்டுகிறது. கோர்கள் நிதானமாக இருக்கின்றன. ஆனால் விளையாட்டு நேரலையில் இன்னும் லேசாக உதறுகிறது. செய்தியில் இல்லை. டிராப் எண்ணும் ஏறுகிறது. கோர் சும்மா இருக்கும்போது ஏன் ஃப்ரேம் விழ வேண்டும்?

---

தாமிரக்கம்பி:

இதற்காகத்தான் டிவி 4கே-வா என்று கேட்டேன். ‘ஸ்க்ரீன் கான்ஃபிகரேஷன்’ திறந்து பாருங்கள், 3840×2160, 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். பை 4-இல் 4கே 60-ஐத் தனியாக இயக்கினால்தான் வரும், இல்லாவிட்டால் 30-இல் நிற்கும். விளையாட்டு நொடிக்கு 60 ஃப்ரேம், திரை காட்டுவது 30. பாதி விழாமல் என்ன செய்யும்? செய்தி அநேகமாக 25 அல்லது 30, அதனால் அது தெரியவில்லை.

திரையை 1920×1080, 60-க்கு இறக்குங்கள். காப்பி முறையில் ஒவ்வொரு ஃப்ரேமும் நினைவகத்துக்குப் போய் வருகிறது, அதை 4கே-வுக்கு விரிக்கும் வேலையும் மிச்சமாகும்.

---

ஈர்க்குச்சி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் பை 5. எச்.264 போட்டால் எச்டபிள்யூ என்று எதுவுமே காட்டவில்லை. பலகை பழுதா?

---

நிழற்குடை:

இல்லை. பை 5-இல் எச்.264 டிகோடரை எடுத்துவிட்டார்கள், எச்.265 மட்டும்தான் வன்பொருளில். 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர்கள் 1080-ஐ மென்பொருளிலேயே தாங்கும். ஃப்ரேம் விழாதவரை கவலை வேண்டாம், விசிறி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். 80 டிகிரியைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்கும்.

---

பொன்வண்டு:

1080, 60-க்கு மாற்றியதும் உதறல் நின்றுவிட்டது. சொன்னபடியே 30-இல்தான் இருந்தது.

ஒரே ஒரு பாக்கி. ஆன் செய்தவுடன் தானாக ஓடும்படி சிஸ்டம்டி-யில் (ஓஎஸ்ஸின் சேவைகளை ஓட்டும் பகுதி) போட்டேன். சில நாள் சான்றிதழ் பிழை என்று சொல்லி நின்றுவிடுகிறது, கையால் ஓட்டினால் ஓடுகிறது.

---

தாமிரக்கம்பி:

பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது. நெட்டிலிருந்து நேரம் வரும்வரை அது பழைய தேதியிலேயே இருக்கும், அந்தத் தேதிக்குத் தளத்தின் சான்றிதழ் செல்லாது. சர்வீஸ் கோப்பில் ‘ஆஃப்டர்’ வரியில் ‘டைம்-சிங்க் டார்கெட்’ சேருங்கள், ‘சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க்’ சேவையையும் இயக்குங்கள், அது இல்லாமல் டார்கெட் காத்திருக்காது. ‘ரீஸ்டார்ட்’ என்பதற்கு ‘ஆல்வேஸ்’, பத்து நொடி இடைவெளி.

அதில் எம்3யு8 (ஓடையின் நேரடி) முகவரியை நகலெடுத்து ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். அவை சில மணி நேரத்தில் காலாவதியாகும். நேரலைப் பக்கத்தின் முகவரியையே கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒய்டி-டிஎல்பி புதிதாகத் தேடி எடுத்துக்கொள்ளும்.

---

பொன்வண்டு:

எம்3யு8-தான் ஒட்டியிருந்தேன். இரண்டையும் மாற்றிவிட்டேன், ஆஃப் செய்து ஆன் செய்தால் தானாக வருகிறது. தலைப்பில் ‘தீர்ந்தது’ போட்டுவிடுகிறேன்.