மேகி லீனா வாக்கர் எப்படி வங்கி தொடங்கினார்?

கேள்வி: வங்கி தொடங்கித் தலைவரான முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண் இவர்தானாம். கையில் முதல் இல்லாமல் எப்படி முடிந்தது?

பதில் 1: செயின்ட் லூக் சங்கம் இருந்ததே, கறுப்பின மக்கள் ஒருவருக்கொருவர் உதவ நடத்திய அமைப்பு! அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவர், சின்ன வயதில் இவரும் வெளுத்த துணியைக் கூடையில் சுமந்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். 1899இல், நொடித்துக் கிடந்த செயின்ட் லூக் சங்கத்தின் பொறுப்பை ஏற்று நிமிர்த்தி, 1903இல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் பென்னி சேமிப்பு வங்கியைத் திறந்தார்.

பதில் 2: சிறுவாடு சேர்க்கிறவர்களை நம்பிய வங்கி அது. பிள்ளைகளுக்கு அட்டை உண்டியல் கொடுத்து, ஒரு டாலர் சேர்ந்ததும் கணக்குத் தொடங்க வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பதில் 3: அப்புறம், உலகப் பொருளாதாரமே சரிந்த பெருமந்த காலத்தில் மற்றக் கறுப்பின வங்கிகளோடு இணைத்துத் தன் வங்கியைக் காப்பாற்றினார். அப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார்.