இரண்டு 15 இஞ்ச் ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) எடுக்கலாமுங்க?

வணக்கமுங்க. கோபி பக்கம் சின்னதாக டிஜே செட் ஓட்டுகிறேன். மாரியம்மன் நோம்பிக்குள் புது ஆம்ப் வாங்கியாக வேண்டும். இருப்பது இரண்டு 15 இஞ்ச் ஸ்பீக்கர், தலா 8 ஓம், 400 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் பவர்). இப்போதைய ஆம்ப் பத்தவில்லை. போன வாரம் ஒரு சீர் வீட்டில் பறைப் பாட்டு போட்டதும் ஆம்ப் திணறுவதைக் காட்டும் சிவப்பு கிளிப் விளக்கு அணையவே இல்லை. சத்தம் கரகரவென்று உடைந்து, கீச்சு சத்தத்துக்கான ட்வீட்டர் ஒன்றும் போய்விட்டது. மனசே கேட்கவில்லை.

பெட்டியில் ஊதிப் பெருக்கிப் போடும் பிஎம்பிஓ வாட்ஸ் கணக்கு வேண்டாம். 8 ஓமில் சேனலுக்கு 500, 600 வாட்ஸ் ஆர்எம்எஸ் நிஜமாக வர வேண்டும். பட்ஜெட் 25,000 ரூபாய். பழைய அஹூஜா கம்பெனி ஆம்ப் கிடைத்தாலும் சரி. அப்புறம், ஜெனரேட்டரில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் எடை குறைந்த எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) ஆம்ப் தாங்குமா, கனமான டிரான்ஸ்பார்மர் வைத்ததுதான் நல்லதா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்க, கோவை வந்துகூட வாங்கிக்கொள்கிறேன்.