பேஸ் கம்பியின் கணீர் சத்தம் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை: எந்த செட் போடலாம்?

நாலாங்கம்பி:
வணக்கம். ஐந்து வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வீடு காசிமேட்டுப் பக்கம். கடலுக்கும் எங்கள் மாடிக்கும் நடுவில் இரண்டே தெரு. சனி, ஞாயிறு என்றால் மெல்லிசைக் குழு, கல்யாண வரவேற்பு, பெரும்பாலும் எண்பதுகளின் ராஜா பாட்டுகள். அவற்றில் பேஸ் தன்பாட்டுக்கு இன்னொரு மெட்டு பாடிக்கொண்டு போகும். கம்பி மந்தமானால் மெட்டு காணாமல் போய் வெறும் தும் தும்தான் மிஞ்சுகிறது.

இதுவரை போட்டதெல்லாம் நிக்கல் பூசிய ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றியது), தடிமன் 45–100. முதல் வாரம் கணீரென்று இருக்கும், மூன்றாவது வாரம் போர்வை போர்த்தியது போல ஆகிவிடும். சரி என்று போன மாதம் ஒரு நண்பர் பேச்சைக் கேட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ரவுண்ட் கோர் (நடுக்கம்பி உருண்டை) செட் ஒன்று வாங்கினேன். ஜி, டி, ஏ மூன்றும் அருமை. தடித்த ஈ கம்பி மட்டும் மாட்டிய அன்றே செத்த சத்தம். ஆம்பில் ட்ரெபிளை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறுகிறது. என்னுடையது பாசிவ் ஜாஸ் பேஸ், உள்ளே பேட்டரி சர்க்யூட் எல்லாம் கிடையாது. நீண்ட நாள் கணீரென்று நிற்கும் கம்பி எது? அடிக்கடி வாங்கக் கட்டுப்படியாகவில்லை.

உப்புக்காற்று:
கச்சேரி முடிந்ததும் கம்பியைத் துடைக்கிறீர்களா, அப்படியே பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுகிறீர்களா? கேட்கக் காரணம் இருக்கிறது. ரவுண்ட்வவுண்டில் நடுக்கம்பி மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். அந்தச் சுற்றுகளின் இடுக்கில் வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, செத்த தோல் எல்லாம் போய் அடையும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதும் மேல் ஸ்வரங்கள் (கணீரைத் தரும் உடனொலிகள்) சீக்கிரம் அடங்கிவிடும். அடி ஸ்வரம் மட்டும் நிற்கும். நீங்கள் சொல்லும் போர்வை அதுதான். கடலோர ஈரமும் சேர்ந்தால் துரு வேறு.

நாலாங்கம்பி:
துடைப்பதில்லை அண்ணா. மேடையில் இறங்கியதும் பந்தி நினைப்புதான் :)

பழைய ஆர்கெஸ்ட்ரா:
தம்பி, நீங்கள் இரண்டு நோயை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். மூன்று வாரத்தில் மந்தமாவது அழுக்கு. மாட்டிய அன்றே ஒரு கம்பி மட்டும் செத்திருந்தால் அது அழுக்காக இருக்க வாய்ப்பில்லை. ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். ஈ கம்பியை மாட்டும்போது, முதலில் நீளம் அளந்து வெட்டிவிட்டு அப்புறம் ட்யூனிங் போஸ்டில் (தலைப்பக்கம் கம்பியைச் சுற்றும் முளை) நுழைத்தீர்களா?

நாலாங்கம்பி:
ஆமாம் சார். எப்போதும் அப்படித்தான். போஸ்டுக்கு மேல் நாலு விரல் விட்டு கட்டிங் பிளையரால் வெட்டி, நுனியைத் துளைக்குள் விட்டுச் சுற்றுவேன். பழைய செட்களில் ஒன்றும் ஆகவில்லையே?

பழைய ஆர்கெஸ்ட்ரா:
பழைய செட்களின் நடுக்கம்பி அறுகோணமாக இருந்திருக்கும். மூலைகள் மேல்சுற்றைக் கவ்விப் பிடிப்பதால் வெட்டினாலும் அவ்வளவாக நழுவாது. ரவுண்ட் கோரில் நடுக்கம்பி உருண்டை, கவ்வ மூலை கிடையாது. வளைக்காமல் வெட்டினால் மேல்சுற்று அங்கிருந்தே தளர்ந்து, அந்தத் தளர்ச்சி கம்பி முழுக்க ஓடிவிடும். சுற்று தளர்ந்த கம்பி தவளைபோல் கத்துமே தவிரப் பாடாது. கவரை எடுத்துப் பாருங்கள், வளைத்த பிறகே வெட்டவும் என்று அநேகமாக எழுதியிருக்கும். நாம்தான் படிப்பதில்லை, நான் உட்பட.

அடுத்த முறை வெட்ட வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பாகக் குறடால் பிடித்து 90 டிகிரிக்கு மடக்குங்கள். மடக்கிய பின், மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிப்பு போஸ்டின் நடுத்துளையில் உட்கார வேண்டும்.

இப்போது இருக்கும் ஈ கம்பியைத் தூக்கிப் போடுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். கம்பி பிரிட்ஜ் சாடிலை (உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டு) தாண்டி வரும் இடத்தில், சாடிலுக்குப் பக்கத்திலேயே கட்டைவிரலால் ஒரு அழுத்து. தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டுக்குப் பக்கத்திலும் அதேபோல். புதுத் தடிக்கம்பி அந்த இடங்களில் வில்போல் வளைந்து நிற்கும். கூராக மடிந்தால்தான் சத்தம் தெளியும். இதில் தேறாவிட்டால் ட்யூனிங்கைத் தளர்த்தி, பால் எண்டை (கம்பியின் குண்டு முனை) பிரிட்ஜிலிருந்து எடுத்து, மேல்சுற்று இறுகும் பக்கமாக அரைச் சுற்று திருப்பி மறுபடி மாட்டுங்கள். சிலசமயம் உயிர் வரும்.

ஞாயிறு பேஸ்:
பிரதர், நான் சர்ச்சில் வாசிக்கிறேன். என் கையும் உங்கள் கை மாதிரிதான், வியர்வைத் தொட்டி. நான் வந்து சேர்ந்த இடம் கோட்டட் கம்பி. எலிக்சர் நானோவெப், டி'அடாரியோ எக்ஸ்எஸ் இரண்டும் போட்டிருக்கிறேன். கம்பி முழுக்க மெல்லிய பூச்சு இருப்பதால் இடுக்கில் அழுக்கு இறங்குவது குறைவு. எலிக்சரைச் செய்வது கோர்டெக்ஸ் மழைத்துணி செய்கிற அதே கோர் கம்பெனி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: முதல் நாள் பளிச்சென்று கேட்பது புது ஸ்டெயின்லெஸ்தான். கோட்டட் அதைவிட ஒரு மாற்று குறைவு. ஆனால் ஆறாவது வாரம் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கதையே வேறு. விலை சாதாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனக்கு அதைவிட அதிக நாள் உழைக்கிறது. விரலுக்குக் கொஞ்சம் வழுக்கும். பிக் போட்டு ஓங்கி அடிப்பவர் என்றால் அடிபடும் இடத்தில் பூச்சு நூல்நூலாய்ப் பிரியலாம்.

உப்புக்காற்று:
ஸ்டெயின்லெஸ் நிக்கலைவிடக் கடினம், ஃப்ரெட்டையும் (பிடியின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கொஞ்சம் சீக்கிரம் தேய்க்கும். கணக்கில் அதையும் சேருங்கள்.

மெத்துமெத்து:
கணீர் கணீர் என்று ஏன் இத்தனை பாடு? ஃப்ளாட்வவுண்ட் (மேலே தட்டைக் கம்பி சுற்றியது, மெத்தென்ற சத்தம்) போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். அமெரிக்காவின் மோடவுன் இசைக் கம்பெனியில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் லா பெல்லா ஃப்ளாட் கம்பியை, அறுந்தாலொழிய மாற்றவே மாட்டாராம்.

பழைய ஆர்கெஸ்ட்ரா:
அவர் ஜேமர்சன், வாசிக்கலாம். தம்பி கேட்பது வேறு சத்தம். 1960களில் ரோட்டோசவுண்ட் கம்பி கம்பெனியின் ஜேம்ஸ் ஹவ்வும் தி ஹூ ராக் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஜான் என்ட்விஸிலும் சேர்ந்து ரவுண்ட்வவுண்ட் பேஸ் கம்பியை உருவாக்கியதே பியானோ போன்ற அந்தக் கணீருக்காகத்தான்.

மொபைல் ரிப்பேர்:
கட்டுப்படியாகவில்லை என்றதால் இது. மந்தமான பழைய செட்டைக் குப்பையில் போடாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (எங்கள் கடையில் போர்டு துடைப்பது, 99 சதவீதம்) வாங்கி, ஒரு பக்கம் மூடிய பிவிசி பைப்பில் கம்பிகளைப் போட்டு ஊற்றி மறுபக்கமும் மூடி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பார்த்தால் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். நன்றாகத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அடுப்பு, சிகரெட் பக்கம் கொண்டு போகவே வேண்டாம், குப்பென்று பிடிக்கும். பிடியின் வார்னிஷ் மேலும் சிந்தாமல் பாருங்கள். சிலர் வெந்நீரில் வேகவைப்பார்கள். அதிலும் பிசுக்கு போகும், ஆனால் ஈரம் உள்ளே தங்கித் துருப்பிடிக்கும். ஃப்ரெட் பட்டுக் கம்பியின் அடியில் பள்ளம் விழுந்திருந்தால் எந்தக் குளியலும் உதவாது. கோட்டட் கம்பிக்கு இந்த வேலை வேண்டாம்.

நாலாங்கம்பி:
ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பழைய ஆர்கெஸ்ட்ரா சார் சொன்னதுபோல் சாடில் பக்கம் அழுத்தினேன், கொஞ்சம் தெளிந்தது. அரைச் சுற்று திருப்பியதும் இன்னும் கொஞ்சம். ஆனால் ஏழாவது ஃப்ரெட் ஹார்மோனிக் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) தொட்டால் மற்ற மூன்றும் மணி மாதிரி நிற்க, ஈ மட்டும் 'டொக்' என்று நின்றுவிட்டது. கவரைத் தேடி எடுத்துப் பார்த்தேன், வளைத்துவிட்டு வெட்டவும் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது.

கடைசியில் கோட்டட் நிக்கல் செட், அதே 45–100. இந்த முறை மடக்கிவிட்டுத்தான் வெட்டினேன். கிட்டார் பைக்குள் அப்பாவின் பழைய வேட்டித் துண்டு ஒன்று இருக்கிறது. இறங்கியதும் கம்பியின் அடிப்பக்கம்வரை துடைத்துவிட்டுத்தான் பந்தி. ஆறாவது வாரம் ஓடுகிறது, ஈ ஹார்மோனிக் இன்னும் நிற்கிறது. பழைய நிக்கல் செட் பைப்பில் ஊறுகிறது. தண்ணீர் டீ நிறமில்லை சார், கடுங்காப்பி.

பழைய ஆர்கெஸ்ட்ரா:
பந்திக்கு முன் கையையும் கழுவுங்கள். வாசிக்கும் முன்பும்தான்.