பச்சமாமாவுக்கு (ஆண்டிஸ் மலை மக்களோட பூமித்தாய்) படையல்: நேரில் பார்த்தவங்க சொல்லுங்க

ராகவி:
பெருவுல குஸ்கோ பக்கம், அவுசங்காத்தே மலையடி, ஆகஸ்ட் மாசம். பாக்கோ (படையல் நடத்துற பூசாரி) படையல் பொருள் எல்லாத்தையும் அடுக்கி முடிச்சு, தாளை மடிச்சு நூலால கட்டிட்டார். அப்பதான் வீட்டுக்காரம்மா ஒரு கைப்பிடி மக்காச்சோளத்தோட ஓடி வர்றாங்க, வைக்க மறந்துபோச்சாம். அவர் பொட்டலத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, முடியாதுன்னு தலையாட்டிட்டார். அந்தம்மா முகம் அப்படியே சுண்டிப்போச்சு. ஒரு முடிச்சை அவிழ்த்தா என்ன ஆயிடும்?

பாஸ்கர்:
கட்டினா கட்டினதுதான். அதுக்கப்புறம் அது பூமிக்குப் போட்ட சாப்பாடு, நம்ம கை நுழையக் கூடாது. அதனாலதான் கட்டுறதுக்கு முன்னாடி மணிக்கணக்கா உட்கார்ந்து அடுக்குறாங்க.

வெள்ளைத் தாள் நடுவுல ஒரு சிப்பி. சுத்தி கின்டு: கிழிசல், புள்ளி இல்லாத கோக்கா இலை (கொக்கெய்ன் எடுக்கிற செடியோட இலை) மூணு, பளபளப்பான பக்கம் மேலே, காம்பு கீழே. ரெண்டு கையாலயும் வாய்கிட்ட பிடிச்சு, மலைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மெதுவா ஊதிட்டுத்தான் வைக்கணும். 12 கின்டு வைக்கிறவங்க நிறைய, ஆனா ஆளுக்கு ஆள் மாறும். மேல லாமா (ஒட்டகச் சாதி மலை விலங்கு) கொழுப்பு, சோளம், மிட்டாய், சிவப்பு வெள்ளை கார்னேஷன் இதழ், ஜிகினாத் தாள், கலர் கம்பளி நூல், அப்புறம் ஹுவாய்ரூரோ விதை (நம்ம குன்றிமணி மாதிரி சிவப்பும் கறுப்பும், அளவு பெருசு). சொதப்புறது பெரும்பாலும் இலையிலதான். பழைய இலை விரல் பட்டாலே நொறுங்கும், ஒரு பையைக் கொட்டினா தேறுறது கொஞ்சம்.

4,000 மீட்டருக்கு மேல விறகு ஏது? சாண வறட்டிதான். முன்கூட்டியே பத்தவெச்சு, சுவாலை அடங்கித் தணல் ஆனதும் பொட்டலத்தை வைக்கணும். வறட்டி ஈரமா இருந்தா புகையும், பொட்டலம் பாதி வெந்து நிக்கும். வெச்சதும் எல்லாரும் திரும்பிக்கணும், பூமி சாப்பிடுறதை வேடிக்கை பார்க்கக் கூடாது. சாம்பல் வெள்ளையா வந்தா ஏத்துக்கிட்டதா அர்த்தம்.

செல்வி:
எரிச்சாத்தான் படையல்ங்கிற மாதிரி எழுதாதீங்க பாஸ்கர். அர்ஜென்டினா வடக்குல, ஹுஹுய், சால்டா பக்கம், ஆகஸ்ட் 1 அன்னைக்குக் குழிதான். வருஷா வருஷம் அதே குழியைத் திறப்பாங்க. ரெண்டு ரெண்டு பேரா மண்டி போட்டு கோக்கா, சமைச்ச சாப்பாடு, சிச்சா (மக்காச்சோளக் கள்), ஒயின்னு உள்ளே போடுவாங்க. சிகரெட்டைப் பத்தவெச்சு ஓரத்துல நட்டு, சாம்பல் எப்படி நிக்குதுன்னு பார்ப்பாங்க. கடைசியில மண்ணைத் தள்ளி மூடி, மேல கல்லு.

ஒரு பையன் ஒத்தக் கையால சிச்சா ஊத்தப் போனான். பக்கத்துல இருந்த பாட்டி, ஒரு வார்த்தை பேசாம, அவனோட இன்னொரு கையை இழுத்து டம்ளர்ல வெச்சாங்க. எனக்கு அதுதான் மறக்கலை.

பாஸ்கர்:
ராகவி கேட்டது குஸ்கோ பக்கத்து முறை, நான் சொன்னதும் அதுதான். அங்கேயும் புதைக்கிறது உண்டு, இல்லைன்னு எங்கே சொன்னேன்?

தமிழ்ச்செல்வன்:
பொலிவியாவுல லா பாஸ், லினாரெஸ் தெரு. கடை வாசல்ல காய்ஞ்ச லாமா கருக் குட்டிகள் தொங்கும். பார்த்த உடனே வயித்தைப் பிசையும். வீடு கட்டுறவங்க வாங்கி அஸ்திவாரத்துக்கு அடியில புதைக்கிறதுக்கு. இதைச் செய்யலைன்னா விபத்து நடக்கும்னு கொத்தனாருங்க பயப்படுவாங்க.

முத்துவேல்:
போற ஐடியா இருக்கிறவங்களுக்கு நாலு விஷயம். மிட்டாயைப் பிளாஸ்டிக் உறையோட வைக்காதீங்க. உருகிக் கரி பிடிச்சா சாம்பல் கறுத்துடும், அப்புறம் என்ன குறி பார்க்கிறது? பொலிவியாவுல தெளிக்கிற ஆல்கஹால் 96 சதவீதம். பாட்டிலோட தணல் மேல சாய்ச்சா தீ பாட்டில் வாய்க்கே ஏறும். சின்னக் கிண்ணத்துல எடுத்துக்கிட்டு, பாட்டிலை மூடித் தள்ளி வெச்சிட்டுத் தெளிங்க. குடிக்க எது கொடுத்தாலும் முதல்ல நாலு சொட்டு தரையில விட்டுட்டுக் குடிங்க. குஸ்கோவே 3,400 மீட்டர் உயரம். ரெண்டு மூணு நாள் அங்க தங்கி உடம்பு பழகாம மலைக் கிராமத்துக்கு ஏறினா, படையல் நேரத்துல தலைவலியில சுருண்டு படுத்திருப்பீங்க.

முக்கியமா, மீந்த கோக்கா இலையை ஞாபகார்த்தம்னு பெட்டியில போட்டுறாதீங்க. பெருவுலயும் பொலிவியாவுலயும் சந்தையில குவிச்சு விக்கிற சாமான்தான். நம்ம ஊர்ல 1985 போதைப்பொருள் சட்டத்துல அந்த இலையே வருது, டீ பை ஆனாலும் உள்ளே இருக்கிறது அதே இலைதான். கிளம்புறதுக்கு முன்னாடி கோட்டுப் பையையும் ஒரு தடவை உதறிப் பாருங்க, ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும்.