இடக்கைக்காரருக்கு முடிவெட்டும் கத்தரி: கைப்பிடி மட்டும் மாறினால் போதுமா?

சலூன்_நாற்காலி:
கடையில் இருக்கும் தம்பி இடக்கைக்காரர். ரெண்டு வருஷமா சாதாரண 6 இஞ்ச் கத்தரியையே இடக்கையில் பிடிச்சு வெட்டுறார். ஈர முடியை வெட்டும்போது முனைப்பக்கம் முடி அறுபடாமல் பிளேடுக்கு நடுவில் மடங்கி நிக்குது. பெருவிரல் அடியில் வலி வேற. சாணை பிடிச்சா நாலு நாள் சரியா இருக்கு, அப்புறம் அதே கதை. 'லெஃப்ட் ஹேண்ட்'னு போட்டு ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்குது, பல ஆயிரத்துக்கும் இருக்கு. என்ன பார்த்து வாங்கணும்?

கூர்முனை:
கத்தரி மழுங்கலை, பிளேடு விலகுது. வலக்கையால் மூடும்போது பெருவிரல் தன்னால வளையத்தை உள்ளங்கைக்கு வெளியே தள்ளும், மத்த விரல்கள் உள்ளங்கைப் பக்கம் இழுக்கும். வலக்கைக் கத்தரியில் அந்த அழுத்தம்தான் ரெண்டு விளிம்பையும் ஒட்ட வைக்குது. அதையே இடக்கையில் பிடிச்சா அழுத்தம் தலைகீழாகி விளிம்புகளைப் பிரிக்கும். முடி கனத்துக்கு இடைவெளி விழுந்தாலே மடங்கிடும். அதைச் சமாளிக்கத் தம்பி பெருவிரலை உள்பக்கமா இழுத்துப் பிடிச்சு வெட்டுறார், வலிக்குக் காரணம் அதுதான். திருகை இறுக்கினா மடங்குறது குறையும். வலி கூடும், விளிம்பும் சீக்கிரம் தேயும்.

சந்தையில் மலிவா வர்றதுல நிறைய, வளையத்தையும் சுண்டுவிரல் கொக்கியையும் மட்டும் இடம் மாத்தினது. பிளேடு வலக்கைக்கு உள்ளதே. கையில் வந்ததும் இப்படிப் பாருங்க: தாள் வெட்டுற மாதிரி முனை முன்னால இருக்கப் பிடிச்சுத் திறங்க. மேல் பிளேடு கீழ் பிளேடுக்கு இடப்பக்கமா ஒட்டிப் போனா நிஜமான இடக்கைக் கத்தரி. வலப்பக்கம்னா வலக்கை, கைப்பிடி எப்படி இருந்தாலும் சரி. கத்தரியை உருட்டிக் கீழ் பிளேடை மேல கொண்டு வந்தாலும் இது மாறவே மாறாது. விளம்பரப் படத்தை நம்பாதீங்க. பிளேடில் பொறிச்ச எழுத்து இடவலம் மாறித் தெரிஞ்சா படத்தையே திருப்பிப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

சாணைக்கல்:
மேலே சொன்னது சரி. ஆனா ஒரு எச்சரிக்கை. ரெண்டு வருஷம் பெருவிரலை உள்ளே இழுத்துப் பழகின கைக்கு நிஜ இடக்கைக் கத்தரி கொடுத்தா முதல்ல அதுவும் மடங்கத்தான் செய்யும், ஏன்னா அந்தப் பழக்கம் இப்போ இந்தப் பிளேடுகளைப் பிரிக்கும். 'பழசே தேவலை'ன்னு திருப்பி அனுப்புறவங்க இங்கதான் தப்பு பண்றாங்க. வாடிக்கையாளர் தலையில் ஆரம்பிக்க வேண்டாம். டம்மி தலையில், பெருவிரல் நுனியை மட்டும் வளையத்துக்குள் விட்டு, அது மட்டும் அசைய வெட்டிப் பழகட்டும். பழசு, புதுசு ரெண்டையும் மாத்தி மாத்தி எடுத்தா கை குழம்பிடும்.

சாணைக்குக் கொடுக்கும்போது 'இது இடக்கைக் கத்தரி'ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. குவிந்த விளிம்பு உள்ள கத்தரியைச் சக்கரத்தில் வச்சுத் தேய்ச்சா விளிம்பின் வடிவமே போயிடும். உள்பக்கம் பளபளன்னு ஓடுற அந்த மெல்லிய கோடு அழிஞ்சா பிளேடு சேரவே சேராது. சலூன் கத்தரிக்கு மட்டும் சாணை பிடிக்கிறவரிடமே கொடுங்க.

சீப்பும்_கத்தரியும்:
அளவு: நடுவிரல் மேல் வச்சுப் பாத்தா பிளேடு விரல் நீளத்துக்கு வரணும். விரலிடுக்கில் பிடிச்சு வெட்ட 5.5 அல்லது 6 இஞ்ச், சீப்பு மேல் வெட்ட 6.5 அல்லது 7. இந்த இஞ்ச் கணக்கில் சுண்டுவிரல் கொக்கி சேராது. கைப்பிடி நேரா இருக்கிறது வேண்டாம். பெருவிரல் வளையம் குட்டையா உள்ள ஆஃப்செட் எடுங்க, ஏற்கெனவே வலி இருக்கே.

எஃகு வகையில் 440சி போதும். விஜி-10 எஃகில் கூர் நிக்கும், ஆனா கீழே விழுந்தா முனை உடையும். ஜெர்மனியின் ஜாகுவார் மாதிரி கம்பெனிகள் இடக்கைக்குத் தனியாவே செய்யுறாங்க.

சலூன்_நாற்காலி:
உருட்டிப் பாத்தேன். போன மாசம் 'லெஃப்டி'ன்னு வாங்கினதும் வலக்கைப் பிளேடுதான்! புதுசு வந்தா திருகு எவ்வளவு இறுக்கணும்? தின்னிங் கத்தரியும் (முடி அடர்த்தியைக் குறைக்கிற பல் வச்ச கத்தரி) மாத்தணுமா?

கூர்முனை:
ஒரு வளையத்தைப் பிடிச்சு, மத்த பிளேடைச் செங்கோணத்துக்குத் திறந்து விட்டுடுங்க. முழுசா மூடினா தளர்வு, அசையவே இல்லன்னா இறுக்கம். பாதி வழியில் நிக்கணும். அப்புறம் ஈர டிஷ்யூ ஒத்தைத் தாளை வெட்டுங்க. முனை வரை இழுபடாம அறுபடணும். ராத்திரி முடித்துகளைத் துடைச்சுத் திருகில் ஒரு சொட்டு எண்ணெய்.

தின்னிங்கும் இடக்கைக்குத்தான் வாங்கணும். பல்லில் முடி சிக்கி நிக்கிறதால மடங்குறது வெளியே தெரியாது, ஆனா இழுக்கும், வாடிக்கையாளர் தலையைத் திருப்புவார். 28, 30 பல் உள்ளது போதும்.