கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்தான்: கட்டம் தைப்பவர்களுக்கு ஒரு கேள்வி

கத்தரி மாஸ்டர் (ஹட்டன்):
போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். துண்டுத் துணிப் போர்வைக்குத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டம் தைக்கும்போது துணி ஓரத்தில் தையலுக்கு முழுக் கால் அங்குலம் விடக்கூடாதாம், அதில் ஒரு நூல் இழை அகலம் குறைக்க வேண்டுமாம், ரோட்டரி கட்டரும் (துணிமேல் உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) அதற்கு அடியில் விரிக்கும் மேட்டும் இல்லாதவர்களுக்கு இந்த வேலை சரிவராதாம். படித்ததிலிருந்து மனசு கொதிக்கிறது. 3½ அங்குலச் சதுரம் 9 வெட்டி, கால் அங்குலம் விட்டுத் தைத்தால் 9½ அங்குலக் கட்டம் வரும், அதைப் பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்தால் 9 நிற்கும். இது கணக்கு. இதற்குள் இழை எங்கே வந்தது? அட்டையில் அச்சு வெட்டி, பென்சிலால் கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்டி வளர்ந்த கை இது. யாராவது பதில் சொல்லுங்கள்.

ஊவாக்காரி (பண்டாரவளை):
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். கட்டர் இல்லாதவர்களுக்குச் சரிவராது என்று நான் எழுதவில்லை, கட்டர் இருந்தால் சுலபம் என்றுதான் எழுதினேன். இழை விஷயத்தில் மாறமாட்டேன். தைத்துவிட்டுத் தையலை ஒரு பக்கமாகச் சாய்த்து அயன் பண்ணுகிறோம் இல்லையா, துணி மடியும் அந்த இடத்தில் ஒன்றிரண்டு இழை மடிப்புக்குள் போய்விடும். காகிதத்தில் உங்கள் கணக்கு சரி, துணிக்குத் தடிப்பு இருக்கிறது. 1½ அங்குல அகலத்தில் 3 கீற்று வெட்டித் தைத்து அயன் பண்ணிவிட்டு நடுக் கீற்றை அளந்து பாருங்கள். சரியாக 1 அங்குலம் வர வேண்டும். முழுக் கால் அங்குலம் விட்டால் வராது.

கத்தரி மாஸ்டர் (ஹட்டன்):
நடுக் கீற்று குறைந்தால் வெட்டியவர் கை கோணல், இல்லையென்றால் அயன் பண்ணத் தெரியவில்லை. அயன் பெட்டியைத் துணிமேல் இழுத்து இழுத்துத் தேய்க்கக்கூடாது, தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்.

வெட்டுத்துண்டு (பதுளை):
மாஸ்டர் அண்ணே, அட்டை அச்சு என்கிறீர்களே, எத்தனை தடவை பென்சில் ஓட்டினால் அட்டையின் ஓரம் தேயும் என்று பார்த்திருக்கிறீர்களா? முனை முதலில் மழுங்கும், அப்புறம் ஓரம். பென்சில் கோட்டுக்கு வேறு ஒரு அகலம் இருக்கிறது, நீங்கள் வெட்டுவது கோட்டின் உள்ளேயா வெளியேயா? ஓர் ஓரத்துக்கு 1/16 அங்குலம் பிசகினால் ஒன்பது துண்டுக் கட்டத்தில் ஒரு வரிசைக்கு 2 தையல், 4 ஓரம், ஆகக் கால் அங்குலம் போச்சு. அப்படி 6 கட்டம் அடுக்கினால் 1½ அங்குலம் குட்டை. நான் கார்மெண்ட்ஸில் வெட்டும் பகுதியில் இருந்தவள், இதெல்லாம் பார்த்த கண்.

கத்தரி மாஸ்டர் (ஹட்டன்):
கார்மெண்ட்ஸில் மெஷின் வெட்டியது, நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். அட்டை தேய்ந்தால் புது அட்டை வெட்டுவேன், பிஸ்கட் பெட்டி இல்லாத வீடு மலையகத்தில் இருக்கிறதா? கேட்ட கேள்வி அட்டை பற்றியது இல்லை. இழை பற்றியது.

வெட்டுத்துண்டு (பதுளை):
பக்கத்தில் நின்றேனா? கட்டர் பிடித்துக் காப்பு காய்த்த கையண்ணே இது. அந்த வார்த்தையைத் திரும்ப எடுங்கள். போன வருஷம் துணியை நனைத்துச் சுருக்கிய பிறகுதான் வெட்ட வேண்டும் என்று நான் சொன்னபோதும் இப்படித்தான் பேசினீர்கள். நான் மறக்கவில்லை.

பனிமலை (நுவரெலியா):
சண்டைக்கு நடுவில் ஒன்று. கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர். பள்ளிக்கூட அடிமட்டத்தில் சென்டிமீட்டர் பக்கத்தை வைத்து 6 மில்லிமீட்டர் விட்டால் ஊவாக்காரி அக்கா சொல்லும் அளவு தானாக வந்துவிடும். நான் அப்படித்தான் தைக்கிறேன், ஜனவரி உறைபனிக்கு அம்மாவும் அந்தப் போர்வையைத்தான் போர்த்துகிறார்.

கத்தரி மாஸ்டர் (ஹட்டன்):
அங்குலத்தில் வெட்டி மில்லிமீட்டரில் தைப்பதா? ஒரு வேலைக்கு ஒரு அளவுகோல் போதும் தம்பி. எதிலாவது ஒன்றில் நில்லுங்கள். கால் அங்குலம்.

ஊவாக்காரி (பண்டாரவளை):
மாஸ்டர், நீங்கள் கால் அங்குலத்தை எங்கிருந்து எங்கே அளக்கிறீர்கள்? ஊசி இறங்கும் இடத்திலிருந்து துணி ஓரம் வரையா, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தின் விளிம்பு வரையா? ஜிக்ஜாக் மெஷினுக்கு வரும் அகலப் பாதத்தின் விளிம்பை நம்பினால் கால் அங்குலத்தைத் தாண்டிவிடும். கட்டம் போட்ட காகிதத்தில் ஓரத்திலிருந்து கால் அங்குலக் கோட்டின்மேல் ஊசியை இறக்கி, காகித ஓரம் முடியும் இடத்தில் மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இரண்டு மூன்று அடுக்காக ஒட்டினால் துணி முட்டி நிற்கும். நான் சொல்லும் இழை அந்த டேப்பை ஒரு மயிரளவு ஊசிப்பக்கம் நகர்த்துவதுதான்.

கத்தரி மாஸ்டர் (ஹட்டன்):
மெஷினில் டேப் ஒட்டித் தைப்பவர்கள் எனக்கு அளவு சொல்லித் தருகிறார்கள். என் கை மெஷினுக்கு டேப் வேண்டாம், கண் போதும். அந்த ரோட்டரி கட்டர் 1979இல் ஜப்பானில் ஓல்ஃபா கம்பெனி கொண்டு வந்தது. அதற்கு முன் போர்வை தைத்தவர்கள் எல்லாம் கோணலாகவா தைத்தார்கள்? அவர்களும் கால் அங்குலம்தான் விட்டார்கள்.

பனிமலை (நுவரெலியா):
கையால் தைத்தவர்கள் தையல் போகும் கோட்டையே துணியில் வரைந்துகொண்டு அதன் மேல் தைத்தார்கள் மாஸ்டர், ஓரத்தைப் பார்த்துத் தைக்கவில்லை. அது வேறு முறை. அப்புறம் கட்டரில் வெட்டுபவர்களும் கவனியுங்கள்: துணியை இரண்டாக மடிக்கும்போது மடிப்பு விளிம்புக்கு அடிமட்டம் செங்குத்தாக உட்காரவில்லை என்றால், விரித்ததும் கீற்று நடுவில் முழங்கைபோல மடங்கி நிற்கும். எத்தனை இழை குறைத்தும் அதைச் சரிப்படுத்த முடியாது.

வெட்டுத்துண்டு (பதுளை):
ஆமாம், மேட்டை வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும், அதன் மேல் அயன் பெட்டி வைத்தாலும் அப்படித்தான், அதையும் சேர்த்து எழுதுங்கள். மாஸ்டர் இன்னும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை.

நானுஓயா ரோசா:
எனக்கு ஒரு சந்தேகம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் வெள்ளைச் சீருடைத் துணியில் மிஞ்சியதையும் அம்மாவின் பழைய வாயில் சேலையையும் சேர்த்து முக்கோணம் தைக்கிறேன். சேலைப் பக்கம் இழுபட்டு அலைஅலையாக வருகிறது. என்ன செய்வது?

ஊவாக்காரி (பண்டாரவளை):
முக்கோணத்தின் சாய்ந்த பக்கம் கிராஸில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக, வருவதால் இழுபடும் தங்கச்சி. வெட்டும் முன்னே சேலைக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டு அயன் பண்ணுங்கள். முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைக்க வேண்டாம். சேலையில் ஒரு சதுரம், சீருடைத் துணியில் ஒரு சதுரம், ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் தைத்து, பிறகு கோட்டில் வெட்டுங்கள். முடிந்த அளவு 3 அங்குலம் வேண்டுமானால் சதுரம் 3⅞ என்பது கணக்கு, நான் 4 வெட்டித் தைத்த பிறகு 3½க்குச் சீவிவிடுவேன்.

கத்தரி மாஸ்டர் (ஹட்டன்):
பார்த்தீர்களா? பெரிதாக வெட்டுவாராம், தைத்த பிறகு சீவுவாராம். சரியாகக் கால் அங்குலம் விடத் தெரிந்தவருக்குச் சீவ என்ன இருக்கிறது? துணி மரத்தில் காய்க்கிறதா? ரோசா, கோட்டின் இரண்டு பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தையுங்கள். முழுக் கால் அங்குலம்.

ஊவாக்காரி (பண்டாரவளை):
ரோசா கேட்டது அலை ஏன் வருகிறது என்று, அதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை. நான் கேட்ட 3 கீற்றையும் இன்னும் தைக்கவில்லை. தைத்து நடுக் கீற்றை அளந்து போடுங்கள் மாஸ்டர்.

கத்தரி மாஸ்டர் (ஹட்டன்):
தைக்கத் தேவையில்லை. கால் அங்குலம் விட்டால் 1 அங்குலம் வரும், அதை ஏன் அளக்க வேண்டும்?

வெட்டுத்துண்டு (பதுளை):
அளக்காமலே சொல்கிறாரா? பக்கத்தில் நின்றவள் நானா அவரா என்று இப்போது கேட்கிறேன்.

கத்தரி மாஸ்டர் (ஹட்டன்):
கார்மெண்ட்ஸ் கதை வேறு இடத்தில் பேசுங்கள். இங்கே பேச்சு கால் அங்குலம்.